நான் அமுக்குன "வேணாம்"

ஐப்பசி 8, திங்கள்
காலைலருந்து தூத்தல். துணி காயல. போன வருசம் சஷ்டிக்கு நாங்க பாடுன பஜனை வீடியோ மூணு மணி நேரம், நம்ம கம்ப்யூட்டர்ல கெடக்கு. தங்கச்சி மக செல்வி கேக்குறா. குரங்கணிக்கு மேல எஸ்டேட் ஆபீசுல இருக்கா. ஏலக்காய் எடுக்குற பொம்பளைக அதப் பாத்துத்தான் பாடிப் பழகணுமாம். வாட்சப்புல இம்புட்டுப் பெருசு போகாது. இங்கிட்டுருந்து அவ கம்ப்யூட்டருக்கு நேரா இழுக்குற சாப்ட்வேர் ஒண்ண போன்லயே சொல்லி ஏத்த வச்சா. அவ சொன்னபடி, நெட் குடுக்குற காதர் தம்பிட்ட வழி தெறந்துவிடச் சொன்னேன். "செஞ்சிர்றேன்க்கா."
வெளக்கு வைக்கையில தெரையில ஒரு பெட்டி. வெளியருந்து வர்றத உள்ள விடவான்னு கேட்டுச்சு. இந்நேரத்துல யாரு? வேணாம்னு அமுக்கிட்டேன்.

புதன்
சூடம், பால், கருவேப்பில.
செல்வி: "பெரியம்மா, சைபர்லயே நிக்குது."

வியாழன்
பஜனைக்காரிக நாலு பேரோட காதர் கடைக்குப் போனேன். "அன்னிக்கே தெறந்துட்டேன்க்கா"ன்னான். நம்பல. என் வாயி இருக்கே. "முருகன் பாட்டுன்னு தெரிஞ்சுதானடா அடச்சு வச்சிருக்க"ன்னுட்டேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவன் கையில இருந்த ஒயரச் சுருட்டிக்கிட்டே இருந்தான்.

வெள்ளி
காதரே வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டரப் பாத்துட்டுச் சொன்னது:
தெரு மொத்தத்துக்கும் வெளிய ஒரே விலாசம். உள்ளருந்து நாம கேட்டா பதில் சரியா வீடு வரும். தானா வர்றதுக்கு எந்த வீடுன்னு தெரியாது, திரும்பிரும். அதுக்குத்தான் அவன் திங்கக்கெழமயே நம்ம வீட்டக் காட்டி வழி விட்டிருக்கான். செல்வி ஆபீசுலயும் வெளியாளு உள்ள போக முடியாது. அதனால அவதான் இங்க வரணும்.
"இது ஒங்க கம்ப்யூட்டரே போட்ட பூட்டு மேடம். உள்ள விடவான்னு கேட்டதுக்கு நீங்க வேணாம்னு குடுத்திருக்கீங்க."
தெறந்துவிட்டான். அஞ்சே நிமிசத்துல செல்விக்குப் பாட்டு போக ஆரம்பிச்சது. குடுத்த காப்பிய அவன் குடிக்கல.
மேடமாம். பதினோரு வருசமா அக்கா.
சாமி ரூம்புக்குள்ள போக மனசு வரல.

சனி
பாட்டு முழுசும் போயிருச்சு. காதர் வீட்டு அடுப்படியில அவன் சம்சாரத்துட்ட "தம்பிட்ட சொல்லிரு தாயி, தெரியாமப் பேசிட்டேன்"னேன். தலய ஆட்டுச்சு. திட்டுனது நடுத்தெருவுல. மன்னிப்பு மட்டும் அடுப்படியில. என்ன பொழப்பு.

ஞாயிறு
பஜனையில சொன்னேன், தப்பு எம்மேலதான்னு. அன்னிக்குக் கூட வந்த ராஜாத்தி: "விடு மதினி, அவங்களுக்கு இதெல்லாம் கேட்டுப் பழகியிருக்கும்." சிரிச்சாளுக. நானும் பாதி சிரிச்சிட்டேன். முருகா.

திங்கள்
மழ இல்ல. நாலு பேரையும் இழுத்துக்கிட்டு காதர் கடைக்கு. கூட்டம். சத்தமாவே சொன்னேன். "பூட்டுனது நான். அன்னிக்கு இந்தத் தம்பிய அப்படிப் பேசுனது பாவம். எல்லாரும் கேட்டுக்கங்க." ராஜாத்தி தரையப் பாத்தா.
காதர் ஒயர கீழ வச்சான்.
"செல்விக்கு பாட்டு வந்துருச்சா?"
"வந்துருச்சுப்பா."
"சரிங்க மேடம்."