வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கையெழுத்துப் போடாதே

ஹவுஹா,
புதன்கிழமை

அன்பு மகள் லுஸ்மிலாவுக்கு,

அப்பா கசியானோ எழுதுவது. லீமாவின் அந்தப் புழுக்கத்தில் நீயும் சித்தியும் சித்தப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே மழை விடவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் வலிப்பதில்லையாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஆணி ஏறிய டியூப் மாதிரி கிடக்கிறது. மற்ற சேதியெல்லாம் பிறகு, முதலில் இதைப் படி. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. சித்தப்பா தான் ஜாமீன் நிற்பதாகச் சொல்லி வா வா என்று அவசரப்படுத்தினால் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள், பேனா எழுதவில்லை என்று சொல், என்ன பொய் வேண்டுமானாலும் சொல், பாவத்தை நான் பாதிரியாரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அம்மா. நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, எடுக்காததில் நியாயமும் இருக்கிறது, அதனால்தான் பாலாடைக்கட்டிப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தைச் செருகி பஸ் டிரைவர் அபெலார்தோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வாசலில் ஹாரன் அடிக்கப்போகிறான், அதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

நீ சித்தியிடம் சொன்னதைச் சித்தி ஒரு வார்த்தை குறைக்காமல் எங்களுக்குச் சொல்லிவிட்டாள். "அப்பாவோட பிளாஸ்டிக் வாளியால என் ஸ்காலர்ஷிப் போச்சு, நான் அந்தப் பெரிய காலேஜுக்கே போறேன், கடன் என் தலையோட போகட்டும்" என்றாயாம். வாளி என்றது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. போன கார்னிவலில், வாளியும் போர்வையுமாகப் பரிசு தொங்கவிட்டுத் தெரு நடுவில் நட்டிருந்த மரத்தைச் சாய்த்தது நான்தான், நீயே பார்த்துக்கொண்டு நின்றாய். எல்லாரும் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டே போய்க் கோடாரியால் பூப்போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஜோடியிடம் கொடுக்கிறார்கள், நான் ஒருத்தன் மட்டும் உன் அம்மாவுக்கு என் புஜபலத்தைக் காட்டுகிறேன் என்று ஓங்கிப் போட்டேன், மரம் படுத்துவிட்டது. சாய்த்தவன் எவனோ அவனே அடுத்த வருஷத்து மரத்துக்கு உபயக்காரன், போப்பாண்டவரே வந்தாலும் அதை மாற்ற முடியாது. உபயக்காரன் வீட்டுக்குத் தெருவே மொய் கொண்டுவந்து குவிக்கும் என்பது உனக்குத் தெரியும், ஆனால் உதவித்தொகை ஆபீஸிலிருந்து வீடு பார்க்க வந்த மிர்த்தா மேடத்துக்கு அது தெரியாது, அவர் கடலோரத்துப் பெண். ஏழைக் குடும்பம்தானா என்று பார்க்க வந்தவர் பார்த்தது என்ன? கூரை வரைக்கும் மரத்தில் தொங்கவிட வாளிகள், போர்வைகள், சுவரோரம் பீர்ப் பெட்டிகள், நடுவில் நான், வாடகைக் கோட்டும் தொப்பியும் மாட்டி அளவு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "பஞ்சர் கடை கசியானோ வீடு எதுங்க?" என்று என்னையே கேட்டார். நான்தான் என்றேன். என் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் ஒரு தரம் பார்த்தார், சேதி முடிந்தது. அந்த நேரத்தில் நான் அவருக்கு ஒரு பீர் வேறு நீட்டினேன் என்பதைச் சித்தி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நானே சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம் பேசவில்லை, திட்டுவதைக்கூடக் கோழிகளிடம்தான் சொல்கிறாள், கோழிகள் கேட்கும்போது நானும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். உபயக்காரனாக வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவன், பேண்டு வாத்தியத்துக்கு முன்பணம் கொடுத்தவன், எல்லார் முன்னாலும் நான் ஏழை என்று நீங்கள் சாட்சி சொல்லவேண்டும் என்று கேட்டேன். உன் ஞானத்தகப்பன், என் கும்பாரி சோசிமோ விடுவானா, "கும்பாரி, போன வாரம் ராஜா மாதிரி நின்னீங்க, இப்ப ஏழைன்னு சொல்லணுமா? எந்த சைஸ் ஏழை, அளவு எடுத்துக்கலாமா?" என்றான். கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. தெருத் தலைவி எர்மெலிண்டா அம்மாள்தான் கையைத் தட்டி நிறுத்தினார். "இவன் ஏழைங்கறதுக்கு மீட்டிங் எதுக்குடா, இவன் முழங்கால்ல இருக்கற ஒட்டப் பாத்தாலே தெரியுமே. டயருக்குப் போட்ட ஒட்டத்தான் கால்சட்டைக்கும் போட்டிருக்கான். பொண்ணு நம்ம தெருப் பொண்ணு. அவங்கவங்க குடுத்தத அவங்கவங்க தூக்கிட்டுப் போங்க, மரத்துக்கு முந்தின நாள் திருப்பிக் கொண்டாங்க" என்றார். பிறகு அவரே போன் பண்ணி அந்த மேடத்தை இன்னொரு தரம் வரவேண்டும் என்று கெஞ்சிக் கூப்பிட்டார்.

இன்று காலையில் மேடம் வந்தார். நம் தெருக்காரர்களுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது என்பது உனக்குத் தெரியுமே. அவர்கள் கொடுத்ததை மட்டும் எடுத்துப் போகவில்லை, நம் கட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், காஸ் அடுப்பு, டிவி, உன் அம்மாவின் தையல் மெஷின், சோசிமோ சுவரிலிருந்த கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டு, பதிலுக்கு அவன் வீட்டு மூன்று கால் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான், அதுதான் ஏழை வீட்டுக்குப் பொருத்தமாம். "இருவது வருஷமா சேத்தத ஒரு மணி நேரத்துல தொடச்சிட்டானுங்களே" என்று உன் அம்மா தரையில் உட்கார்ந்து கோழிகளிடம் அழுதாள். மேடம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "போன தடவ வந்தப்ப மாளிகை, இந்தத் தடவ மாட்டுக் கொட்டாய். உங்க வீடு எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பொய் வாயில் வந்துவிட்டது, நல்ல பொய்தான், ஆனால் அந்த மூன்று கால் நாற்காலியில் அவர் உட்காரப் போனதைப் பார்த்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோடாரியிலிருந்து கடிகாரம் வரைக்கும் சொன்னேன். அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும், மழையில் நம் கட்டில் தெரு வழியாக நாலு பேர் தலையில் நடந்து வருகிறது, பின்னாலேயே அடுப்பு, பின்னாலேயே தையல் மெஷின், எது நம்முடையது எது இல்லை என்று எர்மெலிண்டா அம்மாள் வாசலில் நின்று சத்தம் போட்டுப் பிரிக்கிறார், மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். உன் அம்மா அவருக்கு அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "வீடு விஷயம் புரிஞ்சிடுச்சு, அத நான் பாத்துக்கறேன், வீட்டால இனிமே தடை இல்ல" என்றார். சோசிமோ சந்தோஷத்தில் பீர் கொண்டுவர ஓடினான், எர்மெலிண்டா அம்மாள் அவன் காதைப் பிடித்து "மறுபடியும் இவனப் பணக்காரனாக்கப் போறியாடா?" என்று இழுத்து உட்காரவைத்தார்.

சேதி இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை இப்படி அவசர அவசரமாக எழுதமாட்டேன். எழுந்து போகும்போது மேடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்க பொண்ணுக்கு இந்த ஸ்காலர்ஷிப் வேணுமா?" என்றார். வேணும் என்று உன் அம்மா சொன்னாள், வேணாம்னு எவன் சொல்வான் என்று சோசிமோ சொன்னான், தெருவே சொன்னது. "நீங்க எல்லாரும் சொல்லிட்டீங்க. அவ என்ன சொன்னா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் உன்னைக் கேட்டதே இல்லையே அம்மா. உதவித்தொகை வந்தது என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு நான் குதித்தேன், நீ குதித்தாயா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மேடம் சொன்னார், உனக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறதாம், உனக்கு வேண்டாம் என்றால் அந்த இடம் அந்தப் பிள்ளைக்குப் போகவேண்டுமாம், அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நீயே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டுமாம். "நீங்க சொல்லிக்குடுத்து இல்ல, அவளா சொல்லணும்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார். ஆகையால் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கெஞ்சுகிறேன், இரண்டும் வேறு.

பெரிய காலேஜ் பெரியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. சுரங்கத்து இன்ஜினியர் எவர் வண்டி பஞ்சராகி வந்தாலும் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் டயரைக் கழற்றுகிறேன். அங்கே படித்தவர்கள் புது வண்டியில் வருகிறார்கள், உதவித்தொகை தருகிற நம் பக்கத்து உவான்கயோ காலேஜில் படித்தவர்கள் கொஞ்சம் பழைய வண்டியில் வருகிறார்கள், இரண்டு பேர் டயரிலும் ஏறுகிற ஆணி ஒன்றுதான் என்று உன்னிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஆனால் முந்தாநாள் ஒருத்தர், சின்ன வயசு, "அங்க கூடப் படிச்சவன்தான் சார் எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தான்" என்று சொல்லிவிட்டார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இங்கே ஃபீஸ், ரூம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் தருகிறார்கள். அங்கே ஒவ்வொரு மாசமும் என் கடை வருமானம் முழுசாகப் போகும், அதன் மேல் கடன். நான் கம்ப்ரஸரை விற்பேன், விற்றுவிட்டால் டயருக்கு வாயால்தான் ஊதவேண்டும். உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, பயந்துபோய் இருப்பது நான். ஒருவேளை உனக்குப் பணம் அல்ல விஷயம், உவான்கயோவுக்குத் திரும்பி வந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா வாடகைக் கோட்டோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பார், கூடப் படிக்கிறவர்களிடம் ஜோக் அடிப்பார் என்று பயமா? அப்படியென்றால் சொல், வரமாட்டேன். உன் அம்மா வருவாள், அவளை என்னால் நிறுத்த முடியாது.

நிஜமாகவே யோசித்து, பெரிய காலேஜ்தான் வேண்டும் என்று உன் மனசு சொன்னால் அதையே மேடத்திடம் சொல், அந்தப் பிள்ளையாவது பிழைத்துப் போகட்டும், நான் எப்படியோ ஊதிக்கொள்கிறேன். ஆனால் என் வாளிமேல் இருக்கிற கோபத்தில் மட்டும் சொல்லாதே கண்ணு. கோபம் கார்னிவல் முடிவதற்குள் ஆறிவிடும், கடன் ஆறாது.

அபெலார்தோ ஹாரன் அடிக்கிறான். பாலாடைக்கட்டியை முதலில் சாப்பிடு, அந்த வெயிலில் இரண்டு நாள்கூடத் தாங்காது, வறுத்த சோளம் இருக்கும். கம்பளிக் காலுறை சித்திக்கு, இதெல்லாம் வைத்து அனுப்பிய பையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள் உன் அம்மா. மேடத்தின் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று அவர் எனக்குச் சொல்லமாட்டாராம், கேட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை லாரியே வந்தாலும் டயரைத் தொடமாட்டேன், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன். மேடத்திடம் பேசி முடித்த பிறகு, மனசிருந்தால், எனக்கும் ஒரு போன் பண்ணு. நீ எதைச் சொல்லியிருந்தாலும் நான் முதலில் கேட்கப்போவது சாப்பிட்டாயா என்றுதான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது, உடனே சொல்லிவிடு.

கடவுளும் மாதாவும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். அம்மாவின் முத்தங்கள், கோழிகள் வழியாக இல்லை, நேராகவே.

உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும் அப்பா,
கசியானோ