ஐந்து நாடுகளின் பதில்

ஒக்டோபர் 9, வியாழன். கெலிஓயா.

இன்று கண்டியில் ஐந்து நாடுகளின் கடற்பாதுகாப்புக் கூட்டம். மொழிபெயர்ப்பாளருக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். காலையில் எல்லாம் வாக்குறுதிகள். ஒரு கப்பல் அழைத்தால் ஐந்து கடற்படைகளுக்கும் கேட்குமாம். சொல்லச் சொல்ல எனக்கே ஆசையாக இருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுந்தார். "பன்னிரண்டு நாளா ஒரு சரக்குக் கப்பலைக் காணேல்லை. ஆர் தேடுறியள்?"

ரிஸ்வான் சமையல் செய்யும் கப்பல் அது. அவர் என் கணவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுபவராகவே பேச வேண்டும். "அது எங்கள் எல்லைக்குள் இல்லை" என்றேன். "பக்கத்து நாடு கேட்டால்தான் நாங்கள் போகலாம்" என்றேன். ஐந்து நாடுகளுக்காகவும் ஐந்து தடவை கைவிரித்தேன். குரல் நடுங்கவில்லை.

வீட்டு வாசலிலேயே மாமி கேட்டார். "மகள், நம்மட புள்ளையப் பத்தி என்ன சொன்னாங்க?"

"தேடுறாங்களாம் மாமி."

அப்போதுதான் நடுங்கியது.

ரிஸ்வான் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைத் திரும்பவும் கேட்டேன். "சம்பல் அரைச்சேன். ஒங்கட கை ருசி வருதில்ல." அன்று வேலை மும்முரத்தில் பதில் சொல்லவில்லை. இப்போது சொன்னேன், தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் பிழிந்து விடுங்கள் என்று. அனுப்பிய பதில் போய்ச் சேரவில்லை.

நாளைக்கும் கூட்டம் இருக்கிறது. நாளைக்கும் நான்தான் பேச வேண்டும்.