அறுந்துபோன பெல்ட்

அன்புள்ள அஸெமினா,

ஸலாம். நீயும் ஐலாவும் நலமா? அம்மாவின் முட்டுவலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேனே, அது பொய். லீவு கிடைத்து ஊருக்குக் கிளம்பினேன். வழியில் மரிபோரைத் தாண்டியதுமே டைமிங் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இழுத்துப்போக வந்தது எங்கள் பட்டறை வண்டிதான்.

கம்பெனி சாமானைத் தவிர எதையும் போடாதீர்கள் என்று கவுண்டரில் நாள் முழுக்கப் பாடுகிறவன் நான். பானெட்டைத் திறந்தால் நானே போட்ட, கம்பெனிப் பேரில்லாத மலிவு பெல்ட். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"ஏன்டா நெஜாத், இதுக்கு அப்பன் பேரு இருக்கா?" என்றான் நம்மூர் ரெஃபிக்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கழற்றிய சாமானைப் புதுசின் டப்பாவில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதேபோல் அறுந்ததை என்னிடம் நீட்டி, "பழசு, பாத்துக்கோ" என்றார். என்னால் நிமிர முடியவில்லை.

பெருநாளுக்கு ஊருக்கு வரும் ரெஃபிக்கிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அவன் திரும்பி வரும்போது கொஞ்சம் காப்பித்தூள் கொடுத்தனுப்பு. ஐலாவுக்குச் சின்னதாகிப்போன கையுறை இருந்தால் ஒன்று போதும், வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட.

உன் வண்டியில் பாட்டரி சரியில்லை, எடுக்காதே என்றேனே, அதுவும் பொய். போன கோடையில் ஒரிஜினல் என்று சொல்லி உனக்கும் இதே பெல்ட்டைத்தான் போட்டேன். நம்ம வண்டிதானே என்று நினைத்துவிட்டேன். ரெஃபிக் கையில் கம்பெனி பெல்ட் கொடுத்திருக்கிறேன். அவனே மாட்டித் தருவான். அதுவரை ஐலாவைப் பேருந்தில் கூட்டிப்போ.

ரெஃபிக் ஹாரன் அடிக்கிறான். கழற்றியதை உன்னிடம் காட்டுவான், நீ பார்க்காதே.

நெஜாத்