வலமிருந்து எண்ணிய கட்டங்கள்

உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்துதான் இந்த நோட்டைத் திறந்திருக்கிறேன். அழகுக்காக எதையும் சேர்க்கமாட்டேன். எனக்கு வெட்கமான ஓர் இடம் நடுவில் வருகிறது, அதையும் விடமாட்டேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு உங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதே அந்த வாசனை வந்தது. கருகிய தெர்மாகோல். உங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நொடி, நீதான் உள்ளே இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் ஓடினேன். உள்ளே உன் அப்பா, கையில் ஓட்டை விழுந்த தெர்மாகோல் துண்டோடு நின்றார்.

"நான்தாம்மா போட்டேன். ஓடுதான்னு பாக்கலாம்னு. புகையா வந்துக்கினு இருக்குது, பயந்துட்டேன்."

உன் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்கள். உன் பெயர்தான். தொட்டிலுக்குப் பின்னால் அந்தப் பெயர் பெரிதாக இருக்கவேண்டும், அதை உன் மெஷின்தான் வெட்டவேண்டும் என்று உன் அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம்.

"ஓடுமா பாப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓடும் மாமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நீ இல்லாமல் நான் அதை ஒருநாளும் ஓட்டியதில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடை உனக்கு நினைவிருக்கும். நூலகத்தில் ஒரு பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தது நான். செங்குத்தாக நிற்கும் சூடான மெல்லிய கம்பி, தெர்மாகோலை அதன்மேல் படும்படி கம்ப்யூட்டர் நகர்த்தும் பலகை, கம்பி பட்ட இடமெல்லாம் வெட்டுப்படும். ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் படித்து உனக்கு விளக்கினேன். நீ பாதியிலேயே நிறுத்தினாய்.

"இது இன்னாடி பெரிய அதிசயம்? எங்க தறிமேல டிசைன் போட இருக்கற ஜக்கார்டு பெட்டிதானே. அங்க அட்டைல இருக்கற ஓட்டை சொல்லுது, இங்க கம்ப்யூட்டர் சொல்லுது. நீ புரோகிராம் எழுது வாத்தியார் பொண்ணே, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மிச்சம் என்றால் எல்லாமே. காயலாங்கடையில் செத்துக் கிடந்த இரண்டு பிரிண்டர்களை எடைக்கு வாங்கி, மோட்டார்களைப் பிடுங்கினாய். மேஜை டிராயர் வழுக்கும் சேனல்கள்மேல் பலகையை ஏற்றினாய். அதைத் தள்ளுவதற்கு, ஹார்டுவேர் கடையில் மரை போட்ட நீளக் கம்பி. அயன் பாக்ஸ் ரிப்பேர் செய்பவரிடம் கெஞ்சி வாங்கிய ஒரு முழம் சூட்டுக் கம்பி. என் பங்குக்கு, சென்னை மாமா தூக்கிப்போட இருந்த கம்ப்யூட்டர். பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் நம் மோட்டார்களைச் செருகியபோது, பலகை ஒரு நூலளவு இடமிருந்து வலமாக நகர்ந்தது. நீ கத்திய கத்தலில் தறிச்சத்தம் நின்றது.

அதெல்லாம் விளையாட்டாகத்தான் தொடங்கியது. விளையாட்டு இல்லாமல் போனது பாலிடெக்னிக் விண்ணப்பத்தாள் வந்த பிறகு. உங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் உன் அப்பா, இன்னொன்றில் அக்கா. வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். அவள் எழுந்த இடத்தில் நீ உட்காரவேண்டும் என்பது வீட்டில் யாரும் பேசி முடிவெடுக்காத முடிவு. கணக்கில் என்னைவிட நீ நான்கு மதிப்பெண் அதிகம். விண்ணப்பத்தை நீயே நிரப்பி, விடுதி வேண்டும் என்ற இடத்தில் டிக் அடித்து, உன் அப்பாவின் தறிமேல் வைத்தாய்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, பின்னறையை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ பாடுபட்டு இன்னா செய்யப் போவுது இது?"

"அக்கா கல்யாண மேடைக்குப் பேரு வெட்டும்பா."

"மாப்ள பேர ஒழுங்கா வெட்டட்டும். அப்பால கையெழுத்து போடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நீ சிரிக்கவில்லை.

முதல் வெட்டு கோணல். நேர்க்கோடு வெட்டச் சொன்னால் தொப்பை போட்டு வந்தது. சூடானதும் கம்பி நீண்டு தொய்கிறது என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. நீ எழுந்துபோய், தறியில் இழை தொய்யாமலிருக்கத் தொங்கவிடும் மெல்லிய இரும்புக் கம்பிகளில் நான்கை, மாற்றுக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து எடுத்து வந்து, நம் கம்பியின் கீழ்முனையில் கட்டித் தொங்கவிட்டாய்.

"டப்பாவ யாரு தொறந்தது?" என்று முன்னறையிலிருந்து உன் அப்பாவின் குரல்.

"கல்யாண வேலைப்பா!"

கம்பி நீள நீள, எடை அதைக் கீழே இழுத்து நேராக வைத்தது. அடுத்த கோடு ஸ்கேல் வைத்தது போல வந்தது.

சூட்டை அளக்கவும் உன் வழி தனி. என்னைக் கதவருகே நிற்கவைத்து விளக்கை அணைக்கச் சொல்வாய். "இருட்டுல கம்பி செவப்பா தெரிஞ்சா சூடு ஜாஸ்தி, தெர்மாகோல் கருகிடும். கண்ணுக்குத் தெரியாம இருக்கணும், ஆனா வெட்டணும்." இன்று உன் அப்பா கருக்கியது அதனால்தான்.

இப்போது அந்த இடம். மாப்பிள்ளையின் பெயர் குமரன். நீ டிசைன் போடும் கட்டத்தாளில் எழுத்துகளை வரைந்து, ஒவ்வொரு வளைவுக்கும் கட்டங்களை எண்ணி எழுதிக் கொடுத்தாய். நான் வீட்டில் உட்கார்ந்து அவற்றை நோட்டில் புரோகிராமாக எழுதினேன். மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வலமிருந்து இடமாக எண்ணியிருந்தாய். உங்கள் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்திருக்கும். மேலே தெரிவது பின்பக்கம். அதனால் பிறந்ததிலிருந்து நீ கட்டங்களை அப்படித்தான் எண்ணிப் பழகியிருந்தாய். நம் மெஷினின் பூஜ்யமோ இடது ஓரத்தில் இருந்தது. மோட்டாரை அப்படி இணைத்தது நான்தான்.

உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஒரு கழித்தல் குறி போட்டிருந்தால் போதும், சொல்லக்கூட வேண்டாம். நான் எதையும் செய்யவில்லை. நம் வகுப்பில், என் பெஞ்சில், உன் இடம் காலியாக இருக்கப்போவதை நினைத்தேன். விடுதிக்குப் போட்ட அந்த டிக்கை நினைத்தேன். தறியில் உட்கார்ந்தால் அடுத்த தெருவிலாவது இருப்பாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பெண் நான்தான்.

மறுநாள் கூட்டம் கூடியது. உன் அப்பா, அம்மா, அக்கா, சும்மா வேடிக்கை பார்க்க வந்த உன் பெரியப்பா. பலகை எறும்பு வேகத்தில் நகர்ந்தது. பத்து நிமிடம் ஆனது. முதல் எழுத்து முடிந்தது. உன் பெரியப்பாதான் வாயைத் திறந்தார்.

"இன்னா பாஷைடா இது? மாப்ள அரபு தேசமா?"

எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருந்தது. உன் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ எழுத்தைப் பார்த்தாய், கட்டத்தாளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் என்மேல் ஒரு துளி சந்தேகம் கூட இல்லை. "நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பிறகு கம்பியின் ஸ்விட்சை அணைக்கக் குனிந்துவிட்டேன்.

உன் அப்பா குனிந்து அந்த 'கு'வைச் சுற்றியிருந்த தெர்மாகோலிலிருந்து இரண்டு விரலால் பிரித்தெடுத்தார். நெய்த புடவையைத் தறியிலிருந்து எடுத்ததும் செய்வது போல, யோசிக்காமல், பின்புறம் திருப்பி மடியில் வைத்தார். சரியான 'கு', ஒரு பிசிறில்லாமல்.

"மேல பாத்தா தப்பாத்தான் இருக்கும். முகம் கீழதானே" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அது ஒரு விஷயமே இல்லை என்பது போலச் சொன்னார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு உன் பக்கம் திரும்பாமலே, "எங்க போடணும் கையெழுத்து?" என்றார்.

"அப்ப ரெண்டாவது தறி?" என்று உன் அம்மா கேட்டார்.

"ஆள் வச்சுக்கலாம். கெடைக்காமலா பூடும்."

நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாய். நானும் குதித்தேன். அந்த நேரத்தில் எனக்கும் சந்தோஷம்தான், அதுவும் பொய்யில்லை.

விடுதியிலிருந்து நீ போட்ட கார்டுகளை வைத்திருக்கிறேன். 'இங்கே பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. நம்முடையது போலவேதான் நகர்கிறது, ஆனால் நாறுவதில்லை' என்று ஒன்றில். 'ஒர்க்ஷாப்பில் நான்தான் முதலில் முடிக்கிறேன்' என்று இன்னொன்றில். இரண்டாம் வருடம் ஐப்பசியில் லீவுக்கு வந்தாய். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு பயம் எனக்குள் இருந்தது. உன்னிடம் சொல்லாததை இனி யாரிடமும் சொல்லமுடியாது என்று. இன்று மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கட்டங்கள் தலைகீழாக இருந்தது முன்னாடியே எனக்குத் தெரியும், அவள் போய்விடக்கூடாது என்று சும்மா இருந்தேன், என்று. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தார். பிறகு, "அதானா அன்னிக்கு உன் மூஞ்சி அப்டி இருந்துச்சு? நான் கரண்ட் அடிச்சிடுச்சோன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் இரும்புக் கம்பி டப்பாவைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ தடுத்து அவ நின்னுருப்பாளா? ஒன்றரை வருசம் ஆசைப்பட்டத படிச்சா. கார்டுல எல்லாம் சிரிச்சுக்கினு இருந்தா. போதும்மா. கட்டு."

நான் அடுத்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறேன். பொறியியல் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். விடுதிக்கு டிக் அடித்துவிட்டேன். புத்தகத்தில் இல்லாத இடம் வந்தால் எழுந்துபோய் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடவேண்டும், அது உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

உன் பெயரைக் கட்டத்தாளில் நானே வரைந்தேன். புரோகிராமில் அந்தக் கழித்தல் குறியைப் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. வலமிருந்து இடமாகவே எண்ணினேன். வெட்டி முடித்ததும் திருப்பிப் போட உன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

நான்கு எடைகளையும் கட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். கம்பிக்குக் கரண்ட் கொடுத்தேன்.

"இன்னாம்மா, ரெடியா?"

"சூடு பாக்கணும் மாமா" என்றேன்.

அவர் கதவருகே போய் விளக்கை அணைத்தார்.