நாராயணப்பன் நெற்றித் தழும்பு

6 ஜனவரி 1955, வியாழன்

மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்து வந்து ஸ்டூடியோவைத் திறந்தால் ஓசூர் முழுக்கப் பனி. பத்து மணி வரை ஜன்னலில் வெளிச்சமே இல்லை. வந்தது ஒரே ஆள். பஞ்சாயத்து போர்டு தலைவர் நாராயணப்பன் அனுப்பியவர். குடியரசு தினத்தன்று புது வாசகசாலையில் தலைவர் படத்தைத் திறக்கிறார்களாம். இரண்டடி உயரப் படம் வேண்டுமாம்.

"பெங்களூர்ல எடுக்கலாம்னுதான் பேச்சு. ஐயாதான் நம்மூரு ஜோசப்பே எடுக்கட்டும்னுட்டாரு."

 உள்ளே ஓடி என் வீட்டுக்காரி மேரிராணியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

9 ஜனவரி

பங்குச் சாமியாரிடம் இரவல் வாங்கிய ஓவியப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்கார ஓவியங்கள். ஒன்றில் ஒரு கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் வெளிச்சம், மிச்ச முகம் இருட்டு. ஆனாலும் அவருக்கு என்ன கவலை என்று எனக்குத் தெரிகிறது.

நம் ஊர்த் தலைவர்கள் படமோ எல்லாம் ஒரே அச்சு. மாவு பூசின முகம், பின்னால் அரண்மனை வரைந்த திரை. நான் அப்படி எடுக்கப்போவதில்லை. அந்தக் கிழவர் மாதிரி எடுப்பேன், வெளிச்சத்தை நேராக நெற்றித் தழும்பில் விழ வைப்பேன். நாற்பத்திரண்டில் 'வெள்ளையனே வெளியேறு' ஊர்வலத்தில் வாங்கிய தடியடி! மேடையில் யார் பேசினாலும் அந்தத் தழும்பில்தான் ஆரம்பிப்பார்கள்.

12 ஜனவரி

எடுத்தாயிற்று. இரண்டு கண்ணாடி நெகடிவ். ஒன்றில் தும்மிவிட்டார். இன்னொன்று... வேண்டாம், நானே கண் வைக்கக் கூடாது.

"பாதி மூஞ்சி இருட்டா இருக்குமேப்பா?" என்றார்.

"அப்படித்தானுங்கய்யா வேணும்."

"சரி, பாதியாச்சும் தெரியுதே" என்று சிரித்தார். நல்ல மனுஷர். ஒரே ஒரு தொல்லை, முடியை நெற்றியில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒதுக்கி ஒதுக்கி விட்டேன்.

மத்தியானமே சேலம் கிளம்பிவிட்டார். வர இருபத்தைந்து ஆகுமாம்.

17 ஜனவரி

தலையில் இடி.

டச்சிங் வேலை எப்போதும் மேரிராணிதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கொடுக்கிற படங்களில் அம்மைத் தழும்பு, மரு, வெட்டுக்காயம் எல்லாவற்றையும் நெகடிவிலேயே காணாமல் செய்துவிடுவாள். அதற்காகவே கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறார்கள். இன்று பிரிண்ட் போட்டுப் பார்த்தால் நாராயணப்பன் நெற்றி வழுவழு என்று இருக்கிறது. தழும்பு இல்லை!

நெகடிவில் பென்சிலால் தீட்டியிருந்தால் துடைத்துவிடலாம். கத்தியால் சுரண்டியிருக்கிறாள். போனது போனதுதான்.

கத்தினேன். உனக்குக் கண் அவிஞ்சு போச்சா, ஊரே கும்பிடுற தழும்புடி அது, நாளைக்கு எவன் இந்தக் கடைப்படி ஏறுவான் என்று என்னென்னவோ. அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்கதானே நெத்தி பளிச்சுன்னு இருக்கணும்னீங்க."

சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

18 ஜனவரி

பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

20 ஜனவரி

பிரிண்டில் தூரிகையால் தழும்பு வரைந்து பார்த்தேன். கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். எட்டிப் பார்த்த மேரிராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என் மேலதான் தப்பு" என்றேன். "அது தெரியும்" என்றாள். அப்பாடா, வீட்டுக்குள்ளாவது மூச்சு விடலாம்.

25 ஜனவரி

சாயந்திரம் தலைவரே வந்துவிட்டார். படத்தைத் திருப்பி வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இங்க இருந்த தழும்பை யாரு எடுத்தது?" என்று படத்தில் நெற்றியைத் தொட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மேரிராணி முன்னால் வந்து, "நான்தானுங்கய்யா. தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தெலுங்கில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு சொன்னார். "அம்மா, அது அடிபட்ட தழும்பே இல்ல. போலீசு வந்ததும் ஓடுனேன். வெல்லம் காய்ச்சுற கொட்டாய்க்குள்ள பூந்தப்ப வாசக்கால்ல முட்டிக்கிட்டேன். ரத்தத்தோட வெளிய வந்தா, தடியடி பட்டுச்சுன்னு நெனச்சு ஊர்சனம் மாலையோட நிக்கறாங்க. இல்லைன்னு சொல்ல நாக்கு வரல. பன்னெண்டு வருசமாச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடை தப்பித்தது, நான் தப்பித்தேன். ஆனால் மேரிராணி விடவில்லை.

"அப்போ அடி வாங்கினது யாருங்கய்யா?"

"எனக்கு முன்னால கொடி பிடிச்சுக்கிட்டு நின்னான் எல்லப்பன். சந்தையில புளி மூட்டை தூக்கறானே, அவன்தான்."

படத்தை இப்படியே மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

26 ஜனவரி

படத்தைத் திறந்ததும் பேச வந்தவர் வழக்கம்போல "இந்த வீரத் தழும்பைப் பாருங்கள்" என்று கையை நீட்டினார். அங்கே தழும்பு இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. 

நாராயணப்பன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். வாசக்கால், வெல்லக் கொட்டகை, ஒன்றையும் விடவில்லை.  யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கடைசி வரிசையில் நின்ற எல்லப்பனை மேடைக்குக் கூப்பிட்டார். எல்லப்பன் வரவில்லை. வெளியே போய்விட்டான்.

2 பிப்ரவரி

காலையில் தலைவர் எல்லப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். நாலு நாள் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாராம். அவனுக்கும் அதே மாதிரி இரண்டடிப் படம் எடுத்து, வாசகசாலையில் தன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டுமாம்.

எல்லப்பனின் இடது மணிக்கட்டு திருகி நிற்கிறது. அன்றைக்குத் தடியடியில் உடைந்தது சரியாகக் கூடவில்லை. அதை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இந்தக் கைய மறைச்சிருங்க சாமி."

மேரிராணி போய் அந்தக் கையை எடுத்து முழங்கால் மேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டுங்கண்ணா. படத்துல நான் ஒண்ணும் தொடமாட்டேன்."

ஜன்னல் வெளிச்சம் கை வரைக்கும் எட்டவில்லை. வெள்ளைத் துணி எதையாவது பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும் என்றேன். தலைவர் தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்தார். எல்லப்பன் காலடியில் குந்தி உட்கார்ந்து, நான் போதும் என்று சொல்லும் வரை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.