குனிய மறுத்த ராசா

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூத்து மன்றம் கூடியது. இந்த முறை கதை என் மகள் றொசானா எழுதியது. சரித்திரம் படிக்கிறவள். இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸ் மன்னன் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினொரு வருஷம் தன் எண்ணத்துக்கு ஆண்டான். கடைசியில் உள்நாட்டுப் போர், தோல்வி, விசாரணை, தலை போனது. ராசா வேடம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? மன்றத்தின் தலைவர் நான், ராசாவும் எப்போதும் நான்தான். லண்டன் எட்மண்டனில் மீன் வாங்கப் போனாலும் "ராசா வாறார்" என்பார்கள். அது எனக்குப் பிடிக்காது என்று எழுதினால் பொய்.

ஒக்ரோபர் 19

டிலுக்சன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "கிறிஸ்து அண்ணை, கடைசியா மன்றப் பொதுக்கூட்டம் எப்ப வைச்சனீங்கள்?" பாராளுமன்றப் படைத்தலைவன் வேடம் கொடுத்ததும் வாய் வந்துவிட்டது. "பிறகு பாப்பம்" என்றேன். றொசானா சிரிப்பை அடக்கினாள். என்ன சிரிப்பு?

நவம்பர் 9

வெடித்துவிட்டது. கடைசிக் காட்சியில் நான் முழந்தாளிட்டு வெட்டுக் கட்டையில் தலை வைக்க வேண்டுமாம். "எங்கட கூத்தில ராசா குடிசனத்துக்கு முன்னால குனியிறேல்லை" என்றேன்.

"அவர் குனிஞ்சவர் அப்பா. அந்தச் சண்டைக்குப் பிறகு இஞ்ச ஒரு ராசாவும் தான் நினைச்சபடி ஆளேலாமப் போச்சு. அதுதான் கதையே."

அந்தக் காட்சியை நான் வெட்டினேன். டிலுக்சன் பாதிப் பேரோடு எழும்பிப் போய்விட்டான். போகட்டும்.

நவம்பர் 30

கோயிலில் இப்போது அவர்கள் வலதுபக்க வாங்கில் இருக்கிறார்கள், நாங்கள் இடதுபக்கம். மத்தளம் அவர்களிடம். உடுப்பும் ராசா முடியும் எங்கள் கராஜில் பூட்டிக் கிடக்கின்றன, திறப்பு என் பொக்கற்றில். இரண்டு பக்கமும் ஆட ஏலாது. என் மனுசி மேரிறோஸ் சொல்கிறாள்: "முடியைப் போட்டுக்கொண்டு கராஜுக்குள்ளேயே இருந்து ஆளுங்கோ. சோறு அங்க கொண்டுவந்து தாறன்."

டிசம்பர் 21

பங்குச் சுவாமி நடுவில் நின்று சேர்த்துவைத்தார். றொசானா எழுதியபடியே ஆடுவது என்று முடிவு. ஓம் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "தாங்ஸ் அப்பா" என்றாள்.

ஜனவரி 31, சனி

என்ன செய்து தொலைத்தேன்?

மண்டபம் நிறைந்த சனம். நீதிபதியாக நின்ற றொசானா தீர்ப்பைப் பாடி முடித்தாள். கட்டை முன்னால் இருந்தது. குனிய வேண்டியதுதான். முன்வரிசையில் என் கூட்டாளிகளின் முகங்களைப் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை. வாளை உருவி, தொடக்கத்தில் பாடிய வரவுப் பாட்டையே திரும்பப் பாடி, "சபை கலையட்டும்!" என்று கத்தினேன். என் ஆட்கள் விசிலடித்தார்கள். மத்தளம் நின்றது.

றொசானா நீதிபதித் தொப்பியைக் கழற்றினாள். சனத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கூத்து முடிஞ்சுது" என்றாள். என்னை அவள் பார்க்கவேயில்லை.

பெப்ரவரி 1

பூசைக்குப் போகவில்லை. வெட்கம்.

பெப்ரவரி 3

வேலை. நான் ஓட்டிய பஸ் வைற்ஹோல் தெருவில் சிவப்பு விளக்கில் நின்றது, சார்ள்ஸ் மன்னனின் தலையை வெட்டிய அந்தக் கட்டடத்துக்கு நேரே. குளிரில் நடுங்கினால் பயம் என்று சனம் நினைக்குமே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்தானாம். றொசானா சொன்ன கதை. அந்த மனிசன் உண்மைக் கோடாலிக்குக் குனிந்தான். நான் மட்டைக் கோடாலிக்குக் குனிய ஏலாமல், பெத்த பிள்ளையைச் சபையில் மன்னிப்புக் கேட்க வைத்தேன். சீ! பின்னால் ஹோர்ன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

வீட்டில் இன்னும் அவள் என்னோடு பேச்சில்லை.

பெப்ரவரி 8

பொதுக்கூட்டம். நானே கூட்டினேன். இனி வருஷா வருஷம் வாக்கெடுப்பு, வேடங்களைக் குழு தீர்மானிக்கும். தலைவர் டிலுக்சன். எழும்பி மன்னிப்புக் கேட்டேன். கராஜ் திறப்பை மேசையில் வைத்தேன். றொசானா எடுத்துத் தன் பையில் போட்டாள்.

மார்ச் 8

சட்டன் பங்குக் கோயிலில் திரும்ப ஆடக் கேட்டிருக்கிறார்கள். "ராசாப் பாட்டுக்குக் கிறிஸ்து அண்ணையை விட்டா ஆளில்லை. ஆனா எழுதினபடி" என்றான் டிலுக்சன். கைகள் எழும்பின. றொசானாவின் கை எழும்பவில்லை. நியாயம்தான்.

ஏப்ரல் 25, சனி

சட்டனில் ஆடிவிட்டு வந்தோம். உடுப்புக்குள் இரண்டு சட்டை போட்டிருந்தேன். அப்படியிருந்தும் நடுங்கியது.

முடியைக் கழற்றி நீதிபதியிடம் கொடுத்தேன். முழந்தாளிட்டேன். கன்னத்தைக் கட்டையில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. சனம் நடிப்பு என்று நினைத்திருக்கும். மத்தளம் ஓங்கி ஒருமுறை விழுந்து ஓய்ந்தது.

திரை மூடிய பிறகும் நான் எழும்பவில்லை. தோளில் ஒரு கை. "எழும்புங்கோ அப்பா. முடிஞ்சுது."

வரும்போது றொசானா பின்சீற்றில் முடியை மடியில் வைத்தபடி நித்திரையாகிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளே அதைக் கராஜில் வைத்துப் பூட்டினாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.