ரஜா நாட்களில் எருக்குவியல்

ஜூன் 4

புவனேஸ்வரத்திலிருந்து வந்த சூடோமோனாஸ் பொடியை மக்கிய சாண எருவில் கலந்து, வேப்பமர நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடினேன். ஈரம் காயாமல் காத்தால் நல்ல பாக்டீரியா பெருகுமாம். நெல் நாற்றங்காலில் இட்டால் வேரைத் துளைக்கும் நூற்புழுவை அண்டவிடாதாம். போன வருடம் பிடுங்கிய நாற்றெல்லாம் வேர் நுனி கொக்கிபோல் வளைந்து, முடிச்சு முடிச்சாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பைதர் சொல்லிவிட்டார்: "இந்த நாத்தும் போச்சுன்னா நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு சூரத்துக்குத் தறி ஓட்டப் போயிடுவேன். நீ உன் சாணியக் கட்டிக்கிட்டு அழு."

ஜூன் 9

வெயில் கொளுத்துகிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். உள்ளே உயிரோடு இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது?

ஜூன் 13

ஐயோ, எப்படி மறந்தேன்! நாளை ரஜா பண்டிகை தொடங்குகிறது. பூமித்தாய்க்குத் தூரமான மூன்று நாள். பெண்கள் மண்ணைத் தொடக்கூடாது.

"எருவும் மண்ணுதானா, அக்கா?" என்று ஓரகத்தி சுகாந்தியிடம் கேட்டேன்.

"பின்ன, பாயசமா? கைய வெச்சே, அத்தை உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க. உன் புருஷன ஊத்தச் சொல்லு."

அவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "ஊரே சீட்டாடும், நான் சாணிக்குத் தண்ணி ஊத்தணுமா?" ஒப்புக்கொண்டாரா, இல்லையா?

ஜூன் 14

ஊஞ்சல், பிட்டா பலகாரம், புதுச்சேலை. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. மதியம் தாண்டியும் அவர் சீட்டை விட்டு எழவில்லை. சாக்கு மொடமொடன்னு காஞ்சு கெடக்கு. நானே ஒரு குடம் ஊத்திடவா? யாரு பாக்கப் போறா? — பூமித்தாய் பார்ப்பாளே.

ஜூன் 15

ஊஞ்சல் மேலே போனபோது மதிலுக்கு அப்பால் தெரிந்தது: அவர் குவியலருகே குந்தி, சாக்கை விலக்கி, கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் கத்தினார்: "என்ன பாக்குற? நேத்து சாயங்காலமே ஊத்திட்டேன்." பிறகு, மெதுவாக, "உள்ள ஈரமாத்தான் இருக்கு."

ஆனால் நேற்று மதிய வெயில்? அதில் எவ்வளவு செத்ததோ?

ஜூன் 18

நேற்று பூமித்தாய்க்கு நீராட்டு. இன்று எருவைப் பரப்பி விதைத்தோம்.

ஜூலை 2

நாற்றங்காலில் ஒரு மூலை மஞ்சள். பிடுங்கிப் பார்க்கப் பயம்.

ஜூலை 3

அவரே பிடுங்கினார். ஒன்றிரண்டில் முடிச்சு. மற்ற வேரெல்லாம் வெள்ளையாக, நேராக. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரிடம் பேசுகிறார்? சூரத்துக்கா?

ஜூலை 13

நடவு. பக்கத்து வயல்காரரிடம் அவர் அளப்பது காதில் விழுந்தது: "ரஜா முழுக்க நான்தாங்க அதுக்குக் காவல். பொம்பளைங்கள நம்பி விட முடியுமா?" முதல் நாள் மதியம் எங்கே இருந்தாராம்? "அடுத்த வருஷம் ரெண்டு வண்டி எருவுல இந்தப் பொடியக் கலக்கப் போறேன்" என்றும் சொன்னார்.

பெருமையெல்லாம் அவருக்கே போகட்டும். அடுத்த வருஷம்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு.